500 கிராம் பழைய பேப்பர், 3 குழந்தைகள், 4 கிண்ணங்கள்: வெந்தயக் கூழ் வேலை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து ஆட்டுக்கல்லில் ஆட்டி, குடத்தின் அடிப்பக்கம் அப்பிக் காயவைத்து எடுத்த கூடைகள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரணமாகக் கிடந்தன. சொளகின் இடுக்குகளில் மாவு ஒழுகாமல் இருக்க மெழுகியதும் இதே வெந்தயக் கூழால்தான். பிளாஸ்டிக் டப்பா மலிந்த பிறகு இந்த வேலை நின்றுபோனது. செய்முறை மட்டும் பாட்டிமார் கையில் இன்னும் இருக்கிறது.

சின்னக் குழந்தைகளோடு சேர்ந்து செய்ய இதைவிடப் பொருத்தமான வீட்டு வேலை குறைவு. குழந்தைகளோடு செய்யும் கைவேலை என்று நடப்பதில் பாதிக்கு மேல், பெரியவர் வெட்டி, மடித்து, ஒட்டி முடித்துவிட்டுக் கடைசியில் பிள்ளை கையில் ஜிகினாவைக் கொடுத்துத் தூவச் சொல்வதுதான். தான் தூவாவிட்டாலும் அந்தப் பொருள் உருவாகியிருக்கும் என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். கூழ் வேலை அப்படியல்ல. கிழிப்பது, மிதிப்பது, பிசைவது, அப்புவது எல்லாம் குழந்தையின் கைக்கும் காலுக்கும் ஏற்ற வேலைகள். அந்தக் கையை எடுத்துவிட்டால் கிண்ணமே இல்லை.

இங்கே எடுத்துக்கொண்ட நிகழ்வு, மதுரைப் பக்கத்து வீடு ஒன்றில் மே மாதக் கத்திரி வெயிலில் பத்து நாள் நடந்த வேலை. குழந்தைகளின் வயது 3, 5, 8. பெரியவர்கள் அம்மாவும் அப்பத்தாவும். ஆளுக்கொரு கிண்ணமாகப் பிள்ளைகள் மூன்று, அப்பத்தா ஒன்று, ஆக நான்கு. அவற்றில் முதல் தடவையிலேயே ஒழுங்காக வந்தது அப்பத்தாவுடையது மட்டும்தான். மற்ற மூன்றும் மூன்று விதமாகக் கெட்டன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத காரணங்களால் கெட்டதால்தான் அவற்றை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

எடுத்துக்கொண்ட அளவு

செய்தித்தாள் 500 கிராம். நான்கு பக்கம் கொண்ட முழு விரிதாளாக எண்ணினால் ஏறக்குறைய 30 தாள். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் சேர்க்கவில்லை. அந்தப் பளபளப்பு பூசிய களிமண் பூச்சு. ஊறினாலும் நார் பிரியாது, காய்ந்த பின் பொறுபொறுவென்று உதிரும். செய்தித்தாள் தண்ணீரை உடனே குடிக்கும், சீக்கிரம் நாராகும்.

வெந்தயம் 100 கிராம். ஊறிய வெந்தயத்தின் வழவழப்பு ஒரு பிசின். காய்ந்ததும் நாரோடு நாரைப் பிடித்துக்கொள்கிறது. அதன் கசப்புக்குப் பூச்சி அண்டாது என்பது பெரியவர்கள் அனுபவம். மைதாப் பசையில் செய்தால் கரப்பானும் எறும்பும் தேடி வரும். அதைத் தடுக்கத்தான் சுவரொட்டிப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம். குழந்தை கை படும் பசையில் ஒரு சிட்டிகைகூட அது சேரக் கூடாது. வெந்தயத்தில் இந்த வம்பே இல்லை.

ஒரு விஷயத்தை மட்டும் முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். வேர்க்கடலை, கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு வெந்தயமும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், எல்லாம் ஒரே பயறு வகைக் குடும்பம். அப்படிப்பட்ட குழந்தை இருந்தால் மைதாப் பசையே போதும். கிண்ணத்தைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்.

இவை தவிர மஞ்சள்தூள் இரண்டு தேக்கரண்டி, பழைய வேட்டித் துணி இரண்டு முழம், வாய் 18 சென்டிமீட்டர், உயரம் 8 சென்டிமீட்டர் உள்ள எவர்சில்வர் கிண்ணங்கள் இரண்டு, 12 சென்டிமீட்டர் வாய் உள்ள குழம்புக் கிண்ணம் ஒன்று, சமையலறைத் தராசு. தராசு எதற்கு என்பது பின்னால் வரும்.

கிழிப்பதும் மிதிப்பதும்: முதல் இரண்டு நாள்

செய்தித்தாளுக்கு ஒரு வாக்கு உண்டு. மேலிருந்து கீழாகக் கிழித்தால் நூல் பிடித்தாற்போல நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாக ஓடும். இயந்திரத்தில் தாள் ஓடும் திசையில் நார்கள் படுத்திருப்பதுதான் காரணம். மூன்று வயதுக் குழந்தையிடம் தாளைக் கொடுக்கும்போது மேல்விளிம்பில் இரண்டு விரற்கடை கிழித்துவிட்டுக் கொடுத்தால் போதும். மீதியை அது 'சர்ர்ர்' என்று கடைசிவரை இழுத்துவிடும். அந்தச் சத்தத்துக்காகவே முப்பது தாளும் கிழியும். ஐந்து வயதுக் குழந்தை அந்தப் பட்டைகளைக் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டாக்கியது. எட்டு வயதுக்காரனுக்குத் தராசு. 500 கிராம் வந்ததும் நிறுத்தச் சொல்வது அவன் பொறுப்பு. மொத்தம் 25 நிமிடம். கத்தரிக்கோல் எடுக்கவில்லை, எடுக்கவும் கூடாது. கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நிற்பதால் தண்ணீர் ஏறுவதும் பிரிவதும் சுலபம்.

கிழித்ததை மூடியுள்ள வாளியில் போட்டு, முழுகத் தண்ணீர் விட்டார்கள். மூடி முக்கியம். தத்தித் தத்தி நடக்கும் குழந்தைக்கு வாளியில் ஒரு சாண் தண்ணீர்கூட உயிருக்கு ஆபத்து. தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது. எனவே ஊறும் வாளி மூடியோடு, தாழிட்ட குளியலறையில் இருந்தது. ஊறுவது ஒரு முழு நாள். மே மாத வெயிலில் அதே தண்ணீரில் இரண்டு நாள் விட்டால் சாக்கடை நாற்றம் வரும், பிள்ளைகள் கை வைக்க மாட்டார்கள். எனவே மறுநாள் காலை தண்ணீர் மாற்றினார்கள். சீக்கிரம் கெடாமல் இருக்கக் கல்லுப்பு போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. போட வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், கிண்ணம் மழைக்காலத்தில் பிசுபிசுக்கும்.

இரண்டாம் நாள் மாலை மிதிப்பு. அகலமான பேசினில் ஊறிய பேப்பர், பேசினுக்கு அடியில் வழுக்காமல் இருக்க ஈரச் சாக்கு, குழந்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர். ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம். இது விளையாட்டுக்காகச் சேர்த்த வேலை இல்லை. மிக்சியின் பிளேடு நாரை வெட்டுகிறது. மிதிப்பதும் ஆட்டுக்கல்லும் நாரை நசுக்கிப் பிரிக்கின்றன. வெட்டுப்பட்ட குட்டை நார் ஒன்றையொன்று பற்றாது. நசுங்கிய நீள நார் பின்னிக்கொள்ளும். மிதித்து முடித்த கூழை மிக்சியில் ஓட்ட வேண்டிய நேரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

அன்று இரவே வெந்தயத்தை 400 மில்லி தண்ணீரில் ஊறப்போட்டார்கள். ஊறுவதற்கு எட்டு மணி நேரம் வேண்டும்.

அரைத்துப் பிசைவது

அரைக்கும் வேலை பெரியவர்களுடையது. அந்த நேரத்தில் பிள்ளைகள் கிண்ணங்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். வெந்தயத்தை ஊறிய தண்ணீரோடு இட்லி மாவுப் பதத்துக்கு அரைத்தார்கள், சுமார் அரைக் கிலோ வந்தது. பேப்பரை மிக்சியில் போடும்போது ஒரு தடவைக்கு இரண்டு பிடிக்கு மேல் வேண்டாம். கூடவே ஒரு டம்ளர் தண்ணீர், பத்து விநாடி ஓட்டம், நிறுத்தம், மறுபடி பத்து விநாடி. கெட்டியாகப் போட்டால் பிளேடு சுற்றாது, மோட்டார் சூடாகிக் கருகல் வாடை வரும். இதற்கென்று பழைய ஜார் ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது. அச்சு மை கலந்த ஜாரில் பிறகு சட்னி அரைக்கக் கூடாது. எழுத்துத் தெரியாத அளவுக்குக் கூழானதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் நார் கெடும்.

அரைத்ததைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்ததில் 2 கிலோ வந்தது. வெந்தய விழுது அரைக் கிலோ, மஞ்சள்தூள். மொத்தம் இரண்டரைக் கிலோ. பிசைவது முழுக்கப் பிள்ளைகள் வேலை, சப்பாத்தி மாவு பிசைவது போல உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளி மடித்து. பத்து நிமிடம் பிசைந்த பிறகு அப்பத்தா ஒரு உருண்டை உருட்டி உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். ஓரம் வெடிக்காமல் வடையாக நின்றது. ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. விரலிடுக்கில் வழிந்தால் பிழிந்தது போதவில்லை. இந்த ஒரு சோதனையை ஐந்து வயதுக் குழந்தைகூடச் செய்துவிடும், ஏனென்றால் வடை தட்டுவதை அது பார்த்திருக்கிறது.

பெரிய கிண்ணம் மூன்றுக்கும் தலா 600 கிராம், சின்னதுக்கு 350 கிராம். மீதி 350 கிராம் மூடிய டப்பாவில் குளிர்சாதனப் பெட்டிக்குப் போனது. மூன்று நான்கு நாள் அங்கே கெடாமல் இருக்கும். இந்த மிச்சத்தை எடுத்து வைக்காமல் இந்த வேலையில் யாரும் இறங்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. குழந்தையின் கிண்ணம் கெட்ட பிறகு மறுபடி கிழித்து, ஊறவைத்து என்று தொடங்கினால் அதற்குள் அதன் ஆர்வம் ஆறிப்போகும்.

அச்சின் மேல் அப்புவது: எங்கே தவறுகிறது

கூழ் காயும்போது சுருங்கும். இந்த வேலையில் விரிசலெல்லாம் இந்தச் சுருக்கத்திலிருந்துதான் வருகிறது. கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் வெளிப்புறம் அப்பினால், சுருங்கும் கூழ் அச்சை இறுக்கிப் பிடிக்கும். இடம் கொடுக்காத அச்சு மேல் சுருங்க முடியாமல் விரிசல் விடும். கிண்ணத்தின் உட்புறம் அப்பினால் சுருங்கும்போது தானே விலகிக்கொள்ளும், ஆனால் காற்று ஒரு பக்கம்தான் படும். இரண்டு வழியிலும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு.

மூன்று வயதுக் குழந்தையின் கிண்ணம் உட்புறம் அப்பியது. குழம்புக் கிண்ணத்துக்குள் துணியைப் பரப்பி, கூழை அள்ளிப் போட்டு அமுக்குவது அந்த வயதுக் கைக்குச் சுலபம் என்று அம்மா தேர்ந்தெடுத்தார். சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் சுவரில் ஒட்டிய கூழ் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்து, அடிப்பாகம் இரண்டு சென்டிமீட்டர் தடிமனாகிவிட்டது. மேற்பரப்பு இரண்டு நாளில் காய்ந்து கெட்டியானதால் எல்லாரும் காய்ந்துவிட்டது என்று நினைத்தார்கள். நான்காம் நாள் வெளியே எடுத்துப் பார்த்தால் அடியில் துணியோடு சேர்ந்து சாம்பல் நிறப் பூஞ்சணம், புளித்த வாடை. பூஞ்சணம் பிடித்ததைச் சுரண்டிவிட்டு வெயிலில் போடலாம் என்பார்கள். குழந்தை முகத்தருகே வைத்து விளையாடும் பொருளில் அந்தச் சமரசம் வேண்டாம். அதைத் தூக்கிப் போட்டார்கள், குழந்தைக்குக் காட்டி, வாடையை முகரவிடாமல், 'அடியில ஈரம் மாட்டிக்கிச்சு' என்று காரணம் சொல்லி.

எடுத்து வைத்த 350 கிராமில் அன்று மாலையே இன்னொன்று. இந்தத் தடவை அதே குழம்புக் கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே துணி சுற்றி, அப்பத்தா எலுமிச்சம்பழ அளவு வடையாகத் தட்டிக் கொடுக்கக் கொடுக்கக் குழந்தை வாங்கி ஒட்டியது. தட்டுவது ஒருவர், ஒட்டுவது ஒருவர் என்று பிரித்ததில் தடிமன் அப்பத்தா கையில் வந்துவிட்டது. தடிமன் சுண்டுவிரல் அளவு, அதாவது 9 முதல் 10 மில்லிமீட்டர். காய்ந்ததும் 5 அல்லது 6 மில்லிமீட்டராக நிற்கும்.

ஐந்து வயதுக் குழந்தையின் கிண்ணத்தில் விரிசல். வடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுக்கியிருந்தது. பார்க்க மூடியது போல இருந்தாலும் ஒவ்வொரு வடையும் தனித்தனியாகச் சுருங்கி, இடைவெளி கோடாகத் திறந்துகொண்டது. வடையின் ஓரத்தை விரலால் மெலிதாக்கி, அடுத்த வடை அதன் மேல் ஒரு விரற்கடை ஏறும்படி வைத்து, ஈர விரலால் தேய்த்து இணைப்புத் தெரியாமல் செய்ய வேண்டும். கூடவே இன்னொரு காரணமும் சேர்ந்தது. அப்பிய உடனே உச்சி வெயிலில் மொட்டைமாடியில் வைத்துவிட்டார்கள். வெளித்தோல் உடனே காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் ஈரம். இழுவிசை தாங்காமல் தோல் கிழிந்தது. முதல் நாள் நிழலில் மின்விசிறிக் காற்று, இரண்டாம் நாள் முதல் வெயில் என்பதே சரியான வரிசை.

விரிசல் விட்ட கிண்ணம் வீணில்லை. கிண்ணத்தை முழுக்கக் காயவிட்டு, விரிசலின் இரண்டு ஓரத்தையும் ஈரத் துணியால் ஐந்து நிமிடம் ஒற்றி ஊறவைத்து, மிச்சக் கூழில் வெந்தய விழுது கொஞ்சம் கூடுதலாகக் கலந்து அடைத்தார்கள். காய்ந்த ஓரத்தில் அப்படியே கூழை அடைத்தால் அந்த அடைப்பும் சுருங்கி, இரண்டு பக்கமும் முடியளவு கோடு விழும். ஓரம் ஊறியிருந்தால் பிடித்துக்கொள்ளும்.

எட்டு வயதுக்காரன் ஆசைப்பட்டது குடம். அப்பத்தா காலத்தில் குடத்தில்தான் செய்தார்கள் என்று கேட்டதும் பித்தளைக் குடத்தின் அடியில் அப்பத் தொடங்கி, வயிற்றைத் தாண்டிக் கழுத்துப் பக்கம்வரை இறக்கிவிட்டான். குடத்தின் அகலமான இடத்தைத் தாண்டிக் கீழே இறங்கினால் காய்ந்த கூடை வெளியே வராது, வாய் வயிற்றைவிடச் சின்னதாக இருக்குமே! முன்பெல்லாம் குடத்தின் பாதிவரைதான் அப்புவார்கள். இரண்டாம் நாள் மாலை, கூழ் ஈரத்தோல் போல வளையும் பதத்தில் இருந்தபோது ஓர் இடத்தில் மேலிருந்து அடிவரை அம்மா கத்தியால் கீறி, விரித்துக் கழற்றினார். கீறலைச் சேர்த்துக் கட்டி, இரண்டு பக்கமும் பேப்பர் பட்டையை மூன்று அடுக்கு வெந்தய விழுதால் ஒட்டியதும் நின்றுவிட்டது. இன்றும் அந்தத் தழும்பு தெரிகிறது. அவன் அதை மறைத்து வண்ணம் அடிக்கவில்லை, அதன் மேலேயே ரயில் தண்டவாளம் வரைந்துவிட்டான்.

அப்பத்தாவுடையது ஏன் ஒழுங்காக வந்தது என்று பார்த்தால் மூன்று விஷயம் கண்ணில் படும். விளிம்பிலிருந்து தொடங்கி உச்சிக்கு ஏறினார். பிள்ளைகள் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கினார்கள். இறங்க இறங்கக் கூழ் குறைந்து விளிம்பு மெலிந்தது, மெலிந்த விளிம்பு முதலில் காய்ந்து வெளிப்பக்கம் சுருண்டது. இரண்டாவது, துணியை நனைத்துப் பிழிந்த பிறகு சுற்றினார். காய்ந்த துணி கூழின் தண்ணீரைக் குடித்துவிடும். மூன்றாவது, ஒரு நாள் கழிந்து பாதி காய்ந்ததும் அச்சிலிருந்து கழற்றி, மறுபடி லேசாக மாட்டி வைத்தார். இறுக்கம் விட்டுப்போனதால் விரிசலுக்கு இடமில்லை. துணிக்குப் பதில் பிளாஸ்டிக் உறை சுற்றினால் கழற்றுவது சுலபம்தான், ஆனால் உள்பக்கம் காற்றே போகாது. எண்ணெய் தடவினால் கூழ் எண்ணெயைக் குடித்து, பிறகு வண்ணம் பிடிக்காது, சிக்கு வாடையும் வரும். வேட்டித் துணியே நல்லது.

காய்ந்ததா என்று எப்படித் தெரியும்

தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதை மூன்று வயதுக் குழந்தையின் கிண்ணம் காட்டிவிட்டது. தராசு சொல்லும். கணக்கு இது: பேப்பர் 500, வெந்தயம் 100, ஆக 600 கிராம் காய்ந்த சரக்கு. அது இரண்டரைக் கிலோ கூழில் பரவியிருக்கிறது. அப்படியானால் 600 கிராம் கூழில் காய்ந்த சரக்கு 144 கிராம், 350 கிராம் கூழில் 84 கிராம். கிண்ணம் அந்த எடைக்கு அருகில் வரும்வரை உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். துணியில் பிழியும்போது கொஞ்சம் நார் தண்ணீரோடு போயிருக்கும் என்பதால் இரண்டு மூன்று கிராம் குறைவாகவும் வரலாம். உறுதி செய்ய, காலையும் மாலையும் எடை போட்டு, அடுத்தடுத்த இரண்டு எடை ஒன்றாக இருந்தால் காய்ந்தது.

எட்டு வயதுக்காரன் ஒரு நோட்டில் நான்கு கிண்ணத்துக்கும் கட்டம் போட்டு எழுதினான். இந்த வயதுப் பிள்ளைக்குக் கூழ் அப்புவதைவிட இதில் அக்கறை அதிகம். கிண்ணத்தை இரவில் வீட்டுக்குள் எடுத்து வைக்க வேண்டும். அதிகாலைப் பனியின் ஈரத்தைக் கிண்ணம் மறுபடி குடித்துவிடும். கத்திரி வெயிலில் ஒழுங்கான தடிமனுக்கு நான்கு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையே தொடக்கூடாது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் கோடையிலும் ஒன்றிரண்டு நாள் கூடுதலாகும்.

மேல்பூச்சும் வண்ணமும்

காய்ந்த கிண்ணம் சொரசொரப்பாக இருக்கும். வெளியிலும் உள்ளேயும் பேப்பர் பட்டையை வெந்தய விழுதில் தோய்த்து ஓர் அடுக்கு ஒட்டினால் பரப்பு சீராகும், பலமும் கூடும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏற்ற வேலை. அது காய்ந்ததும் வெள்ளை போஸ்டர் கலர் ஒரு கை, அதன் மேல் காவி நிறம், காவிமேல் பஞ்சுக்குச்சியால் வெள்ளைப் புள்ளிகள். நேர்ப்புள்ளிக் கோலத்தின் புள்ளி வரிசையை மட்டும் வைத்துக்கொண்டாலே கிண்ணம் அழகாகிவிடும். கோடு இழுக்கத் தூரிகை பிடிக்கத் தெரியாத குழந்தைக்குப் புள்ளி வைப்பதில் சிரமமில்லை. அரிசி மாவால் கோலம் போட வேண்டாம், எறும்பு வரும். மஞ்சள்தூளை மேல்பூச்சாகப் பூசினால் சில நாள் வெயிலிலேயே வெளுத்துவிடும்.

வீட்டில் மிச்சம் கிடக்கும் பழைய பெயின்ட் டப்பாவைத் திறக்கும் ஆசை வரும். வேண்டாம். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய டப்பாவில் எவ்வளவு ஈயம் என்று பார்த்துச் சொல்ல வழியில்லை.

அலங்காரத்துக்கு விதை பதிப்பது அழகு. வாகை, புளியங்கொட்டை, பூவந்திக்காய் எல்லாம் பதிக்கலாம். ஆனால் குன்றிமணி கூடவே கூடாது. பிள்ளையாருக்குக் கண் வைக்கும் அந்தச் சிவப்பு விதை, தோல் உடைந்து உள்ளே போனால் உயிரைப் பறிக்கக்கூடிய விஷம். ஊசியால் துளைத்துக் கோத்த மணியானால் ஆபத்து இன்னும் கூடும். ஆமணக்கு விதையும் அப்படியே. மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் எந்தச் சின்ன விதையும் தொண்டையில் சிக்கலாம் என்பதால், இந்த நிகழ்வில் விதையே சேர்க்கவில்லை. பழைய பாவாடையின் கரையை வெட்டி விளிம்பைச் சுற்றி ஒட்டினார்கள். மெலிந்த விளிம்புக்கு அது பலமும் ஆனது. கடைசியாகத் தெளிவான வார்னிஷ், அம்மா மாடியில் தனியே அடித்து ஒரு நாள் முழுக்க அங்கேயே காயவிட்ட பிறகுதான் கிண்ணங்கள் கீழே வந்தன.

எதற்குப் பயன்பட்டன

பழைய காலத்தில் இந்தக் கூடைகளில் மாவும் அரிசியும்கூட வைத்தார்கள். இப்போது அது வேண்டாம். அச்சு மை கலந்த தாளில் உணவுப்பொருளை வைக்கவோ சுற்றவோ கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே அறிவுறுத்தியிருக்கிறது. அந்த வீட்டில் ஒன்று மெழுகுப் பென்சிலுக்கு, ஒன்று துணிக் கிளிப்புக்கு, குடத்தில் செய்தது சாவிக்கும் சில்லறைக்கும், அப்பத்தாவுடையது நூல்கண்டுக்கும் ஊசிப்பெட்டிக்கும். பிள்ளைகள் செய்ததை அலமாரி உச்சியில் காட்சிக்கு வைக்காமல் கைக்கெட்டும் உயரத்தில் வைத்தது நல்ல முடிவு. கிண்ணம் இரண்டு தடவை கீழே விழுந்தும் உடையவில்லை. விளிம்பு மட்டும் ஓர் இடத்தில் நசுங்கியது. வெந்தய விழுதும் ஒரு துண்டுப் பேப்பரும் வைத்து ஐந்து வயதுக் குழந்தை தானே ஒட்டிக்கொண்டது.

ஐப்பசி மழையில் துணிக் கிளிப் கிண்ணம் கொஞ்சம் தளர்ந்தது. ஈரத் துணியோடு கிளிப்பை அதில் போட்டதால், கரை ஒட்டாமல் விட்ட அடிப்பக்க விளிம்பு வழியே தண்ணீர் இறங்கியிருந்தது. தராசில் வைத்தபோது நோட்டில் எழுதியிருந்த எடையைவிட 11 கிராம் கூடுதல். வெயில் தலைகாட்டிய ஒரு நாள் மாடியில் கவிழ்த்து வைத்து, எடை இறங்கியதும் அடிப்பக்கம் மறுபடி ஒரு கை வார்னிஷ் அடித்தார்கள். கிளிப்புகள் அதுவரை ஒரு சின்ன வாளியில் இருந்தன.